யூரியாவுக்குக் கைரேகை வேணும், தூக்க மாத்திரைக்கு வேண்டாமா?

போன செவ்வாய்க்கிழமை மஞ்சளுக்கு மேலுரம் வைக்க ரெண்டு மூட்டை யூரியா வாங்கலாம்னு சொசைட்டிக்குப் போனேன். ஆதார் கார்டைக் கொடுத்தேன். மெஷின்ல கட்டைவிரலை வைங்கன்னாங்க. வெச்சேன். எடுக்கலை. களைக்கொத்து பிடிச்ச கை, ரேகையெல்லாம் தேஞ்சு போச்சு. வெளியே குழாயில் கையைக் கழுவி, துண்டில் துடைச்சுட்டு வந்து மறுபடி வெச்சேன். அப்பவும் எடுக்கலை. பின்னாடி ஏழெட்டுப் பேர் நிக்கறாங்க. நாலாவது தடவை ஆள்காட்டி விரலுக்கு ஒருவழியா ஒத்துக்கிச்சு. என் பேரோட பில் வந்தது. 45 கிலோ மூட்டை, 266 ரூபாய் 50 காசு.

மூட்டையை வண்டியில ஏத்திட்டு எதிர்ல இருக்கிற மெடிக்கலுக்குப் போனேன். அம்மாவோட தூக்க மாத்திரை தீர்ந்து போயிருந்தது. சட்டைப்பையிலிருந்து காலி அட்டையை எடுத்துக் காட்டினேன். கடைப் பையன் பார்த்தான். "ஒரு அட்டையா, ரெண்டா?" "ரெண்டு குடு கண்ணு." பேப்பர் கவர்ல போட்டுக் கொடுத்துட்டான். பேர் கேக்கலை, சீட்டுக் கேக்கலை, பில்லும் கொடுக்கலை. அரை நிமிஷம் ஆயிருக்கும்.

வண்டியை எடுக்கும்போதுதான் உறைச்சுது. செடிக்குப் போடற உப்புக்கு நாலு தடவை விரலை வைக்கச் சொல்ற இதே நாட்டுல, மனுசன் மூளைக்குப் போற மாத்திரைக்கு "ஒரு அட்டையா, ரெண்டா?"ங்கிறது மட்டும்தான் கேள்வி.

இந்தத் தடவை வெள்ளாமைக் கதை இல்லைங்க. வெயில் தாழ நீங்க காபியோட படிக்கிற மாதிரி வாய்க்கால் தண்ணி, கன்னுக்குட்டின்னு எதுவும் இல்லை. கொஞ்சம் கோபமா எழுதப் போறேன். பொறுத்துக்குங்க.

*

முதல்ல என் வீட்டுக் குப்பையைக் கூட்டிடறேன்.

ஆறு வருஷம் முன்னாடி அப்பா தவறினப்போ அம்மாவுக்குத் தூக்கம் வரலை. டவுனில் ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். பதினஞ்சு நாளைக்குன்னு அல்பிரசோலம் எழுதிக் கொடுத்தார். அந்தப் பதினஞ்சு நாள் இன்னும் முடியலை. அந்தச் சீட்டு மடிச்ச இடத்துல கிழிஞ்சு, மஞ்சப்பையோட துவைக்கப் போய், எழுத்தே அழிஞ்சு போச்சு. அப்புறம் காலி அட்டையே சீட்டு ஆயிருச்சு. நானே மாசாமாசம் வாங்கிக் கொடுத்திருக்கேன். அம்மா நல்லாத் தூங்குச்சு, நானும் நல்ல மகன்னு நினைச்சுக்கிட்டேன்.

போன வருஷம் ராத்திரி ஒண்ணுக்குப் போக எந்திரிச்சது, கட்டுத்தரைப் பக்கம் தள்ளாடி விழுந்து மணிக்கட்டு முறிஞ்சு போச்சு. கட்டுப் போட்ட எலும்பு டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "தூக்க மாத்திரை எத்தனை வருஷமாப் போடறாங்க?" சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதை இப்ப திடீர்னு நிறுத்தவும் முடியாது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். யார் எழுதிக் கொடுத்தாங்க இவ்வளவு நாளைக்கு?" யாருமே எழுதலை. ஆறு வருஷமா எந்த டாக்டரும் எழுதாத மாத்திரையை, எந்தத் தடையும் இல்லாம, ஒரு கிராமத்துக் கிழவி தின்னிருக்கு. அதுக்குத் தரகு வேலை பார்த்தவன் நான்.

அதனால "இந்தக் காலத்துப் பசங்க கெட்டுப் போயிட்டாங்க"ன்னு ஆரம்பிக்கிற யோக்கியதை எனக்குக் கிடையாது. பசங்க விஷயத்துக்கு இப்ப வர்றேன்.

எங்க காட்டுக்குக் களை எடுக்க வர்ற அக்கா ஒருத்தங்க. மகன் டிப்ளமோ படிச்சவன். தை மாசம் மஞ்சள் வெட்டறப்போ மூட்டை தூக்க வந்தான். நல்ல வேலைக்காரன், ஆனா வெயில்லயும் முழுக்கைச் சட்டையைக் கழட்ட மாட்டான். நான் ஏதோ ஸ்டைலுன்னு நினைச்சேன். சித்திரையில அவனை பெரியாஸ்பத்திரியில சேர்த்தாங்க. முழங்கைக்கு மேல சீழ் வெச்சு, கை தொடை மாதிரி வீங்கிக் கிடந்தது. வலி மாத்திரையை ஊசியா ஏத்தியிருக்கான். வாயில போட்டு முழுங்கறதுக்குச் செஞ்ச மாத்திரை. அதுல இருக்கிற மாவும் சுண்ணாம்பும் ரத்தக் குழாய்ல போனா என்ன ஆகும்? கையை வெட்டாம டாக்டர்கள் காப்பாத்திக் கொடுத்தாங்க. இப்பவும் அந்த விரல்ல ரெண்டு மடங்காது.

நான் பார்க்கப் போனப்போ அந்த அக்கா அழவே இல்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க.

"ஏனுங்கண்ணா, கஞ்சான்னாக்கூட எங்கியோ மலையில ஒளிச்சு வெச்சு வளக்கறாங்கன்னு சொல்லுவாங்க. இது மாத்திரைதானுங்களே? கெவுருமெண்டு லைசென்ஸு குடுத்த கம்பெனியில செஞ்சதுதானுங்களே? அட்டையில பேரு, நம்பரு, வெலை எல்லாம் அச்சடிச்சிருக்குது. பின்ன எப்படீங்க இவங்கிட்ட வந்துச்சு?"

இந்தக் கட்டுரையே அந்தக் கேள்விதான். நான் படிச்ச எந்தச் செய்தியும் அதுக்குப் பதில் சொல்லலை.

*

செய்தித்தாளில் பார்த்திருப்பீங்க. "போதை மாத்திரைகள் பறிமுதல், இளைஞர்கள் கைது." மேசை மேல மாத்திரை அட்டைகளை அடுக்கி வெச்சு, பின்னாடி தலையைக் குனிஞ்சுக்கிட்டு நாலு பசங்க. பெரும்பாலும் டேபென்டடால், இல்லைன்னா நைட்ரசெபம். ஒண்ணு கடும் வலிக்கு, இன்னொண்ணு தூக்கத்துக்கு. ரெண்டுமே டாக்டர் சீட்டு இருந்தாத்தான் கொடுக்கணும்னு சட்டம் சொல்ற மருந்துங்க. எத்தனை மாத்திரைன்னு செய்தியில இருக்கும், பசங்களோட வயசு இருக்கும், ஊர் இருக்கும். அந்த அட்டையில இருந்த பேட்ச் நம்பர் என்ன, அந்த பேட்ச் எந்தக் கம்பெனியில இருந்து எந்த மொத்த வியாபாரிக்குப் போச்சு, அவர் யாருக்கு பில் போட்டார்? இதை எழுதின செய்தி ஒண்ணு என் கண்ணுல பட்டதில்லை.

மாடு களவு போனா நாங்க முதல்ல தேடறது மாட்டை இல்லை, தடத்தை. எந்த வேலியில புகுந்தது, எந்த இட்டேரி வழியாப் போச்சுன்னு பார்ப்போம். இங்கே மாட்டைப் பிடிச்சு மேசையில நிறுத்திட்டு ஃபோட்டோ எடுத்துக்கறாங்க. வேலி உடைஞ்சு கிடக்கிறதை யாரும் அடைக்கிறதில்லை.

இது ஏதோ நாலு பசங்க சமாச்சாரம்னு நினைக்காதீங்க. மத்திய அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான கணக்கெடுப்பில், 10 முதல் 75 வயசுக்குள்ள இருக்கிறவங்கள்ல 1.08 சதவீதம் பேர் டாக்டர் சொல்லாமலே தூக்க மாத்திரை, அமைதி மாத்திரை எடுத்துக்கறாங்கன்னு இருக்கு. ஏறக்குறைய 1 கோடியே 18 லட்சம் பேர். அபின் வகை வலி மருந்துகளைத் தப்பா எடுக்கிறவங்க இன்னொரு 0.96 சதவீதம். இதுல ஒரு சேதி கவனிங்க. முதல் கணக்குல இருக்கிறவங்க எங்கம்மா மாதிரி ஆளுங்களும்தான். எந்தப் போலீஸும் மேசைக்குப் பின்னாடி நிறுத்தாத எழுபத்தாறு வயசுக் கிழவி.

*

"சட்டம் போடணும்"னு சிலர் சொல்றாங்க. இருக்கிற சட்டத்தை எடுத்துப் படிச்சுப் பாருங்க, மலைச்சுப் போவீங்க.

மருந்துகள் சட்டம் 1940-ல் வந்தது, அதோட விதிகள் 1945-ல் வந்தது. சீட்டுக்கு மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்துகளை ஷெட்யூல் எச் பட்டியல்ல வெச்சாங்க. அது போதலைன்னு 2014 மார்ச் 1 முதல் எச்1-னு தனிப் பட்டியல் வந்தது. முதல்ல 46 மருந்து. புதுத் தலைமுறை ஆன்டிபயாட்டிக், காசநோய் மருந்துகளோட அல்பிரசோலம், டையசெபம், நைட்ரசெபம், டிராமடால், கோடீன் எல்லாம் அதுக்குள்ள. அட்டையில சிவப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை இருக்கணும். விக்கிற கடைக்காரர் தனியா ஒரு நோட்டுப் போட்டு, எழுதிக் கொடுத்த டாக்டர் பேர், விலாசம், நோயாளி பேர், மருந்து, எண்ணிக்கை எல்லாம் குறிச்சு, மூணு வருஷம் பத்திரமா வெச்சிருக்கணும். அதைவிடக் கடுமையான எக்ஸ் பட்டியல் மருந்துக்குச் சீட்டே ரெண்டு பிரதி வேணும், ஒண்ணு கடையிலேயே ரெண்டு வருஷம் இருக்கணும்.

இன்னொரு விதி இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. சீட்டுக்கு மருந்து கொடுத்ததும் அந்தச் சீட்டுலேயே, டாக்டர் கையெழுத்துக்கு மேல, கடையோட பேர், விலாசம், கொடுத்த தேதி எழுதணும். டாக்டர் "திரும்பக் கொடுக்கலாம்"னு எழுதாத வரைக்கும் ஒரு சீட்டுக்கு ஒரு தடவைதான். எவ்வளவு அருமையான ஏற்பாடு பாருங்க! ஒரே சீட்டைத் தூக்கிட்டு அஞ்சு கடை ஏற முடியாது. உங்க வீட்டு மருந்துச் சீட்டுகளை எடுத்துப் பாருங்க. ஒண்ணுலயாவது மருந்துக்கடை முத்திரையும் தேதியும் இருக்குதா? எங்க வீட்டுல ஒண்ணுலகூட இல்லை.

விதி இருந்தும் ஏன் நடக்கலை? நோட்டு இருக்கிற கடையிலும் அது வெறும் நோட்டுதான். பக்கத்துத் தெருக் கடை நோட்டோட அது பேசாது. அடுத்த ஊர்க் கடை நோட்டோட பேசாது. ஆய்வாளர் வர்றதுக்கு முந்தின ராத்திரி உக்காந்து நிரப்பினாலும் யாருக்கும் தெரியாது. எழுதி வெச்சதைப் படிக்க ஆள் இல்லைன்னா அது கண்காணிப்பு இல்லை, காகிதச் செலவு.

இப்ப உரத்துக்கு வாங்க. யூரியா மானியச் சரக்கு. அது தொழிற்சாலைகளுக்குத் திருட்டுத்தனமாப் போகுதுன்னு அரசாங்கத்துக்கு வயிறெரிஞ்சுது. 2015-ல் எல்லா யூரியாவிலும் வேப்பெண்ணெய் பூசினாங்க. 2018-க்குள்ள நாடு முழுக்க உரக்கடையில கைரேகை மெஷின் வெச்சாங்க. இன்னைக்கு எந்தக் கடையில எத்தனை மூட்டை இருக்கு, யார் எவ்வளவு வாங்கினாங்கன்னு டெல்லியிலிருந்து பார்க்கலாம். அளவுக்கு மீறி வாங்கினவன் பேரை எடுத்து, "உனக்கு எத்தனை ஏக்கர்?"னு அதிகாரி வீடு தேடி வந்து கேக்கறாரு.

அப்ப தொழில்நுட்பம் இல்லைங்கிறது பொய். காசு இல்லைங்கிறதும் பொய். அரசாங்கக் காசு வழி மாறிப் போறப்போ மெஷின் வருது. களை எடுக்கிற அக்காவோட மகன் வழி மாறிப் போறப்போ நோட்டுப் போடச் சொல்றாங்க.

*

இதைச் சொன்னா நாலு பக்கத்துல இருந்தும் எதிர்க் கேள்வி வருது. ஒவ்வொண்ணாப் பார்க்கலாம்.

முதல் கேள்வி எங்க ஊர்க்காரங்களுடையது. "ஏப்பா, சீட்டுச் சீட்டுன்னா டாக்டருக்கு எங்க போறது? ராத்திரி காய்ச்சல்னா மெடிக்கல்காரர்தான் டாக்டர்." நியாயமான கேள்வி. டாக்டருக்கு ஃபீஸ், பஸ்ஸுக்குக் காசு, ஒரு நாள் கூலி போச்சு. அதனாலதான் சொல்றேன், எல்லா மருந்துக்கும் இந்தக் கெடுபிடி வேண்டாம். காய்ச்சல் மாத்திரைக்கும் வயித்தெரிச்சல் மாத்திரைக்கும் கைரேகை கேட்டா நானே சண்டைக்கு வருவேன். பழக்கப்படுத்தி அடிமையாக்கற மருந்துங்க விரல் விட்டு எண்ணக்கூடியவை. அந்தக் கொஞ்சத்துக்கு மட்டும் கணக்கு வைங்க. ராத்திரி காய்ச்சலுக்கு டேபென்டடால் தேவைப்படாது.

ரெண்டாவது, மருந்துக்கடைக்காரர் கேள்வி. எனக்குத் தெரிஞ்ச ஒரு மருந்தாளுநர், யோக்கியமான மனுசன், சொன்னார்: "சீட்டு இல்லாமத் தர மாட்டேன்னு சொன்னா, பசங்க நாலு பேரா வந்து கல்லாவைத் தட்டறாங்க. பொழுதோட கடையில நானும் ஒரு பொண்ணும்தான். நான் என்னங்க பண்றது?" இது நெசம். மாத்திரை தர மறுத்த கடைக்காரரை அடிச்ச செய்தி தமிழ்நாட்டுல வந்திருக்கு. ஆனா இதுக்கும் பதில் உரக்கடையிலேயே இருக்கு. எங்க சொசைட்டிக்காரர் "மெஷின் ஒத்துக்க மாட்டேங்குதுங்க"ன்னா நான் அவர் சட்டையைப் பிடிக்கிறேனா? மெஷினைத் திட்டிட்டு வந்துடறேன். மறுக்கிற பொறுப்பைத் தனி மனுசன் தலையில வைக்காம ஒரு ஏற்பாட்டு மேல வெச்சா, கடைக்காரர் தப்பிச்சுக்குவார். கண்காணிப்பு நல்ல கடைக்காரருக்குக் காவல். கள்ளக் கடைக்காரருக்குத்தான் அது கஷ்டம்.

மூணாவது கேள்வி கனமானது. "யார் என்ன மாத்திரை சாப்பிடறாங்கங்கிறது ஊருக்குத் தெரியணுமா?" தெரியக் கூடாது. மனநல மாத்திரை சாப்பிடறாங்கன்னு காதுல விழுந்து நின்னுபோன கல்யாணம் எங்க பக்கத்துல உண்டு. கிராமத்துல ரகசியம்னு ஒண்ணு கிடையாது, டீக்கடையில எல்லாம் வந்துரும். அதனால கடைக்காரர் திரையில நோயாளியோட சரித்திரமே வரக் கூடாது. "இந்தச் சீட்டுக்கு ஏற்கெனவே மருந்து கொடுத்தாச்சு" அல்லது "கொடுக்கலாம்", அவ்வளவு தெரிஞ்சாப் போதும். எழுதிக் கொடுக்கிற டாக்டருக்கு மட்டும் மீதி தெரியலாம். போலீஸ் பார்க்கணும்னா கோர்ட்டு உத்தரவோட வரட்டும். இந்த வேலியைப் போடாம ஏற்பாட்டைக் கொண்டு வந்தா, அதை எதிர்க்கிற முதல் ஆளும் நானாத்தான் இருப்பேன்.

நாலாவதை யாரும் என்னைக் கேக்கலை, நானே கேட்டுக்கறேன். எங்க பெரியப்பாவுக்கு வாய்ப் புற்று. கடைசி ரெண்டு மாசம் அவர் கத்தின கத்தல் மூணு தோட்டம் தாண்டிக் கேக்கும். மார்ஃபின்னு ஒரு மருந்து இருக்குன்னு சொன்னாங்க, ஆனா எங்க பக்கத்து ஆஸ்பத்திரி எதுலயும் அது இல்லை. காரணத்தை வெகு நாள் கழிச்சுத்தான் படிச்சேன். 1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. மார்ஃபின் வெச்சிருக்க அத்தனை லைசென்ஸ், அத்தனை முத்திரை. ஒண்ணு தவறினாலும் ஜெயில். பயந்துக்கிட்டு ஆஸ்பத்திரிங்க வாங்கறதையே விட்டுருச்சு. நாட்டுல மருத்துவத்துக்கான மார்ஃபின் உபயோகமே படுத்துப் போச்சு. உலகத்துக்கே அபின் விளைவிச்சுக் கொடுத்த நாட்டுல, புற்று நோயாளி கதறிச் செத்தான். கேரளாவில டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால் மாதிரி ஆளுங்க பல வருஷம் போராடி, 2014-ல்தான் சட்டத்தைத் திருத்தி வழி கொஞ்சம் லேசாச்சு.

அதனாலதான் தடைன்னாலே எனக்குப் பயம். "எல்லாத்தையும் தடை பண்ணு"ன்னு மேடையில கத்தறவங்க பெரியப்பா கத்தினதைக் கேட்டதில்லை. தடை போட்டாலும் நிக்கிறதில்லைங்கிறதுக்குக் கைமேல உதாரணம் இருக்கு. டிராமடாலை 2018-ல் அந்தச் சட்டத்துக்குக் கீழ கொண்டு வந்தாங்க. அப்ப அந்தப் பட்டியல்ல இல்லாத டேபென்டடால் அதோட இடத்துல வந்து உக்காந்துக்கிச்சு. ஒரு களையைப் பிடுங்கினா காலி இடத்துல இன்னொண்ணு முளைக்கும்னு எங்களுக்குத் தெரியாதா?

அமெரிக்காவைச் சொல்லணும். 1996-ல் ஆக்ஸிகான்டின்னு ஒரு வலி மாத்திரையை இறக்கி, அடிமையாக்காதுன்னு டாக்டர்களை நம்ப வெச்சு, ஊர் ஊரா விழுங்க வெச்சாங்க. அப்புறம் விழிச்சுக்கிட்டு, யார் எவ்வளவு எழுதறாங்க, யார் டாக்டர் மாத்தி டாக்டர் போறாங்கன்னு பார்க்கிற கண்காணிப்பு முறையை மாநிலம் மாநிலமாக் கொண்டு வந்தாங்க. கடைசி மாநிலம் மிசூரி, 2021-ல்தான் சட்டம் போட்டது. ஆனா அதுக்குள்ள அடிமையானவங்க கதி? மாத்திரை கிடைக்காமப் போனதும் ஹெராயினுக்குப் போனாங்க, அப்புறம் ஃபென்டனில். 2021-ல் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல சாவு. கதவைச் சாத்தினவங்க, உள்ளே மாட்டிக்கிட்டவங்களுக்கு வைத்தியம் பார்க்க மறந்துட்டாங்க. அந்தத் தப்பை நாம காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

*

அப்ப எதுதான் வேலை செய்யும்? எங்க தோட்டத்துல இருந்து வடமேற்கே பார்த்தா மலை தெரியும். அதுக்கு அந்தப் பக்கம் மாயாறு பள்ளத்தாக்கு. அங்கே பாறு கழுகு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. இந்த நாட்டுல ஒரு காலத்துல கோடிக்கணக்குல இருந்த வெண்முதுகுப் பாறு, நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது அழிஞ்சு போச்சு. காரணம் ஒரு வலி மருந்து, டைக்ளோஃபினாக். மாட்டுக்கு ஊசி போடுவோம், மாடு செத்தா கழுகு தின்னும், அதோட சிறுநீரகம் கெட்டுச் சாகும்.

2006-ல் மாட்டுக்கு அந்த மருந்தைத் தடை பண்ணினாங்க. நின்னுச்சா? நிக்கலை. மனுசனுக்குன்னு 30 மில்லி பாட்டில் கடையில கிடைச்சுது. அதை வாங்கி மாட்டுக்குப் போட்டோம். "போட்டாங்க"ன்னு எழுத வந்துச்சு, திருத்திக்கறேன். நானும் என் மாட்டுக்குப் போட்டிருக்கேன். மனுசனுக்கு ஒரு தடவைக்கு 3 மில்லி போதும். 30 மில்லி பாட்டில் யாருக்காக? 2015-ல் மனுசன் மருந்தை 3 மில்லி ஒற்றை ஊசியாத்தான் விக்கணும்னு உத்தரவு வந்தது. கம்பெனிங்க சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போச்சு. 2017-ல் நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லும்னு சொல்லிருச்சு. அதுக்கப்புறம் மாட்டுக்கு அதை வாங்கறது செலவும் சிரமமும் ஆயிப் போச்சு.

இதுல எனக்குக் கிடைச்ச பாடம்: எந்த விவசாயியையும் ஜெயில்ல போடலை, வலியில இருந்த எந்த நோயாளிக்கும் மருந்து கிடைக்காமப் போகலை. மருந்து வழி மாறிப் போற இடத்தைக் கண்டுபிடிச்சு, பாட்டிலைச் சின்னதாக்கினாங்க. ஒழுகற இடம் கடைசி மடையில இல்லை, மேல் மதகுல. கழுகுக்குக் கிடைச்ச அந்த அக்கறை, களை எடுக்கிற அக்கா மகனுக்கும் கிடைக்கணும்னுதான் கேக்கறேன்.

*

கேக்கறது இவ்வளவுதான்.

ஒண்ணு, அடிமையாக்கற மருந்துகளுக்கு மட்டும், கடை நோட்டுக்குப் பதிலா எல்லாக் கடையையும் இணைச்ச ஒரே பதிவு. டாக்டர் எழுதறதும் கடை கொடுக்கறதும் அதுல ஏறணும். அதிகம் விக்கிற 300 மருந்துப் பெயர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் அட்டையில கியூஆர் கோடு கட்டாயம் ஆயிருச்சு. ஒட்ட முடியும்னு காட்டியாச்சு. அதை இந்த மாத்திரைங்க ஒவ்வொண்ணுக்கும் ஒட்டுங்க.

ரெண்டு, மேல இருந்து பாருங்க. மாவட்டத்துல அதிகமா யூரியா வாங்கினவன் யாருன்னு பட்டியல் எடுக்கிற மாதிரி, அதிகமா இந்த மாத்திரை வாங்கின கடை எது, வித்த மொத்த வியாபாரி யாருன்னு மாசாமாசம் பட்டியல் எடுங்க. நாலாயிரம் பேர் இருக்கிற ஊர்ல ஒரு கடைக்கு மாசம் பத்துப் பெட்டி கடும் வலி மாத்திரை எதுக்கு? இதைக் கண்டுபிடிக்க மோப்ப நாய் வேண்டாம், கூட்டல் கணக்குத் தெரிஞ்சாப் போதும்.

மூணு, பறிமுதல் பண்ற ஒவ்வொரு அட்டைக்கும் பேட்ச் நம்பரை வெளியிடுங்க. வழக்குல பையன் பேருக்கு மேல, அந்த பேட்சை யார் யாருக்கு வித்தாங்கங்கிறது வரணும்.

நாலு, மாட்டிக்கிட்ட பசங்களுக்கும் எங்கம்மா மாதிரி பழகிப் போனவங்களுக்கும் வட்டார மருத்துவமனையிலேயே குறைச்சு நிறுத்தற வைத்தியம். 2021-ல் ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே வந்து பிரஷர் மாத்திரை கொடுக்குது. அந்தச் சகோதரிகள் மாத்திரை டப்பாவைத் திறந்து, "பாட்டி, இதை எத்தனை நாளாப் போடறீங்க?"ன்னும் கேக்கலாம்ல?

இதுல உங்களுக்கும் வேலை இருக்குங்க. சென்னையிலயும் பெங்களூர்லயும் உக்காந்து இதைப் படிக்கிற உங்கள்ல பாதிப் பேருக்கு அப்பா அம்மா ஊர்ல இருக்காங்க. மாசாமாசம் அவங்க மருந்தை நீங்கதான் ஆப்ல ஆர்டர் போடறீங்க, பழைய சீட்டோட ஃபோட்டோவை வெச்சு. அந்தச் சீட்டுல தேதி என்னன்னு இன்னைக்கு ஒரு தடவை பாருங்க. அடுத்த தடவை ஊருக்கு வரும்போது கொய்யாப்பழத்தோட ஃபோட்டோ எடுத்துக்கறதுக்கு முன்னாடி, அலமாரியில இருக்கிற மஞ்சப்பையைக் கொட்டி, எது எதுக்குன்னு பாருங்க. தூக்க மாத்திரை இருந்தா நீங்களா நிறுத்திடாதீங்க, அது ஆபத்து. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. வீட்டுல பையன் யாராவது மாட்டியிருந்தா வெட்கப்பட்டு மூடி வைக்காதீங்க. 14416-னு மனநல உதவி எண் இருக்கு, 104 இருக்கு, பேசுங்க.

அம்மாவுக்கு இப்ப அரை மாத்திரைக்கு வந்திருக்கோம். டாக்டர் மேற்பார்வையில நாலு மாசமாக் குறைச்சுக் குறைச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு உக்காந்துக்குது, என்னையும் எழுப்பி விட்டுருது. தூக்கம் கெட்ட எரிச்சல்ல திட்டுது, நானும் பதிலுக்குத் திட்டறேன். செவ்வாய்க்கிழமை வாங்கின அந்த ரெண்டு அட்டைக்கு எனக்கு டாக்டர் சீட்டு இருந்தது. சட்டைப்பையிலதான் வெச்சிருந்தேன். கேப்பாங்களான்னு பார்க்கத்தான் காலி அட்டையை நீட்டினேன். கேக்கலை. டாக்டர் எழுதினது பதினஞ்சு அரை மாத்திரை. கிடைச்சது ரெண்டு முழு அட்டை.

மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கலாம்னு மறுநாள் போனேன். "பில் இல்லாம எடுக்க முடியாதுங்க"ன்னுட்டான் அந்தப் பையன்.